சிறு மோட்டாருக்குப் பேட்டரி அளவு காணும் முறைமை

ஒரு சிறு மோட்டாருக்கு எந்த அளவுப் பேட்டரி பொருந்தும் என்ற கேள்வியைக் கடையின் கல்லாப்பெட்டி அருகே நின்றே தீர்த்துவிடலாம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது அளவை நூலுக்கு உரிய கேள்வி. ஒன்றை எந்த வழியில் அறிந்தால் அந்த அறிவு நிற்கும் என்பதை மணிமேகலை காலம் தொட்டே தமிழில் வாதிட்டு வந்திருக்கிறார்கள். பலவாக விரிந்த அந்த வழிகளை அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. நேரில் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. பேட்டரி வாங்கும் விஷயத்திலும் இந்த மூன்றுக்கு மேல் வழி இல்லை. ஆனால் எல்லைக் கிராமங்களில் இவை தலைகீழாக நடக்கின்றன. முதலில் உரை வருகிறது, பிறகு கருதல் வருகிறது, காண்டல் கடைசிவரை வருவதில்லை. அதனால் வீணாகும் பணமும் பாழாகும் பேட்டரியும் கொஞ்சமல்ல. வரிசையைத் திருப்பிப் போடவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

எல்லை என்று இங்கே குறிப்பது நெய்யாற்றின்கரையில் தொடங்கி அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளையைத் தொடும் நெடுஞ்சாலையையும், அதன் இருபுறமும் செம்மண் மேடுகளில் ஏறி இறங்கும் கிளைச்சாலைகளையும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் கோட்டுக்கு இரு பக்கமும் இருக்கின்றன. பேட்டரிக் கடைகளும் அப்படியே. வாடிக்கையாளர் தமிழில் கேட்பார், கடைக்காரர் மலையாளத்தில் சொல்வார், இருவரும் ஒருவரையொருவர் முழுக்கப் புரிந்துகொள்வார்கள். புரியாமல் போவது பேட்டரி மட்டுந்தான்.

சிறு மோட்டாருக்கு இங்கே பஞ்சமில்லை. வாழைக்கும் காய்கறிக்கும் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானில் ஒன்று இருக்கிறது. பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் நெசவு நூலைக் குச்சியில் சுற்றித் தார் ஆக்கும் ராட்டையில் ஒன்று பூட்டப்படுகிறது. அந்த நெசவாளர்களின் முன்னோர் பாலராம வர்மா மகாராஜா ஆண்ட காலத்தில், அதாவது 1798க்கும் 1810க்கும் இடையில், தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். ஊருக்குப் பெயரும் அவரால் வந்தது. இவற்றைவிடப் பெரிய மோட்டார் ஆட்டோவில் இருக்கிறது. அதுவும் உள்ளூர்ச் சரக்கே. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஆறாலும்மூட்டில் கேரளா ஆட்டோமொபைல்ஸ் என்ற அரசு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கிருந்து 2019இல் ‘கேரளா நீம் ஜி’ என்ற மின் ஆட்டோ வெளிவந்தது. சுமார் 2 கிலோவாட் மோட்டார், லித்தியம் பேட்டரி. ஒரு சார்ஜில் 100 கிலோமீட்டர் ஓடும், முழுச் சார்ஜுக்கு 3 மணி 55 நிமிடம் ஆகும், வீட்டிலுள்ள மூன்றுமுனைப் பிளக்கே போதும் என்று அறிவித்தார்கள். இந்த மூன்று அறிவிப்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

முதலில் உரை. கடைக்குள் நடப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

“சேட்டா, தார் மிஷினுக்கு ஒரு பேட்டரி வேணும். சின்ன மோட்டார்தான்.”

“எத்தனை மணிக்கூர் ஓடணும் அக்கா?”

“காலையில ஒரு நாலு மணி நேரம்.”

“எங்கில் நூறு ஏஎச் எடுத்தோ. பின்ன பேடிக்க வேண்டா.”

இந்தக் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல. அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்ற இன்னொரு கேள்வியைக் கேட்டிருந்தால் பதிலும் சரியாக வந்திருக்கும். அதை அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அக்காவிடம் பதில் இல்லை. ஆகவே அவர் பயத்துக்கு மருந்தாக ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். உரை அளவையில் சொல்பவர் நல்லவராக இருப்பது போதாது, சொல்லப்படும் பொருளை அவர் கண்டவராகவும் இருக்கவேண்டும். அந்த மோட்டார் தாரின் கனத்தோடு சுழல்வதை அவர் பார்த்ததில்லை.

அடுத்து கருதல். இது படித்தவர்கள் செய்யும் பிழை. மோட்டாரின் தகட்டில் 100 வாட் என்று அச்சடித்திருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு 400 வாட் மணி. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, ஆகவே 800. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 67 ஆம்பியர் மணி, கடைமொழியில் ஏஎச், வருகிறது. கடையில் அதற்கு மேலே உள்ள அளவை எடுப்பார்கள். கணக்கில் பிழையில்லை, கணக்குக்குள் போட்ட முதல் எண்ணில்தான் பிழை. மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதைத் தகடு சொல்வதில்லை. சூடேறிக் கெடாமல் எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்கிறது. எடுக்கும் அளவைத் தீர்மானிப்பது சுமை. வெறுங்கதிரைச் சுற்றும்போது கொஞ்சம் எடுக்கும், தார் பருக்கப் பருக்கக் கூட எடுக்கும், கையால் அழுத்திப் பிடித்தால் தகட்டில் உள்ளதையும் தாண்டி எடுக்கும்.

தகட்டை நம்பாமல் பேட்டரி அளந்ததற்கு நல்ல சாட்சி கேரளத்திலேயே மிதக்கிறது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத்தொடங்கிய ‘ஆதித்யா’ என்ற சூரியப் படகில் 75 பேர் போகலாம். இரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 20 கிலோவாட். தகட்டின்படி ஆறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 240 கிலோவாட் மணி வேண்டும். அதில் வைத்திருப்பது 50. படகு தன் வழக்கமான வேகத்தில் போக இரண்டு மோட்டாரின் முழுவலுவும் தேவைப்படுவதில்லை. இடையில் கூரைமேல் உள்ள 20 கிலோவாட் சூரியத் தகடுகள் ஊட்டிக்கொண்டே இருக்கின்றன. மோட்டாரின் தகட்டை நம்பி 240 ஏற்றியிருந்தால் பேட்டரியின் பாரத்துக்கே படகு ஓடவேண்டியிருக்கும்.

அந்த ஆபத்து புதிதல்ல. பேட்டரியால் மோட்டார்ப் படகு ஓட்டிய முதல் மனிதர்களில் ஒருவரான மோரிட்ஸ் யாக்கோபி, 1838இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் 320 ஜோடித் துத்தநாக, செப்புத் தகடுகளைப் படகில் அடுக்கினார். மனிதன் நடக்கும் வேகத்தைக்கூட அது எட்டவில்லை. அடுத்த ஆண்டு பிளாட்டினம் வைத்த 64 கலங்களோடு வந்தார். எண்ணிக்கை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, வேகம் கூடியது. அந்தக் கலங்களில் நைட்ரிக் அமிலம் இருந்ததால் வந்த நச்சுப்புகை வேறு தொல்லை. ஆனாலும் கலங்களை எண்ணிப் பயனில்லை, ஒவ்வொரு கலமும் எந்த வேகத்தில் மின்சாரத்தைத் தரமுடியும் என்று பார்க்கவேண்டும் என்பதை அவர் இரண்டே ஆண்டுகளில் கண்டுகொண்டார். நம் கடைவீதியில் அது இன்னும் பரவவில்லை.

இனி காண்டல். இதற்கு ஒரு கருவி வேண்டும். டிசி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர். டிசி என்பதைக் கடையில் இரண்டு தடவை சொல்லிக் கேட்கவேண்டும், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசியை மட்டுமே காட்டும். பேட்டரிக் கம்பியில் மாட்டினால் சுழி என்று காட்டிவிட்டு இருக்கும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகியும் பார்க்கலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் வரும் பாய்ச்சல் மீட்டரின் உள் ஃபியூஸை எரித்துவிடக்கூடும். கிளாம்ப் மீட்டருக்கு அந்தக் கவலை இல்லை, கம்பியை வெட்டவும் வேண்டாம், ஒரு கம்பியை மட்டும் அதன் தாடைக்குள் விட்டால் போதும். இரண்டு கம்பியையும் சேர்த்து விட்டால் போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துச் சுழி காட்டும். முதல்முறை அளப்பவர் இதில்தான் தடுமாறுவார்.

மேலே சொன்ன 12 வோல்ட், 100 வாட் மோட்டார் பூட்டிய ராட்டையையே எடுத்துக்கொள்வோம். இரவல் வாங்கிய ஒரு கார் பேட்டரியில் இணைத்து மீட்டரை மாட்டுகிறோம். தார்க்குச்சி போடாமல் வெறுமனே சுழலும்போது 2 ஆம்பியர். குச்சியைச் செருகி நூலை விரலிடையே விட்டுச் சுற்றத் தொடங்கினால் 3. தார் பருத்து முடியும் தறுவாயில் 4. நடுவில் நூல் அறுகிறது, நிறுத்தி முடிச்சுப் போட்டு மறுபடி சுவிட்சைத் தட்டுகிறோம். அந்தக் கணத்தில் மீட்டர் 24 வரை துள்ளி உடனே இறங்குகிறது. நின்றிருக்கும் மோட்டாருக்குள் எதிர் மின்னழுத்தம் இன்னும் பிறக்கவில்லை, சுருளின் தடை மட்டுமே குறுக்கே நிற்கிறது. தடை அரை ஓம் என்றால் 12 வோல்ட்டுக்கு 24 ஆம்பியர் பாயத்தான் செய்யும். சுழற்சி பிடித்ததும் மோட்டாரே ஓர் எதிரழுத்தத்தை உண்டாக்கி அதை அடக்கிவிடும்.

இப்படி ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். தார் மாற்றும் நேரம், முடிச்சுப் போடும் நேரம், கண்டு மாற்றும் நேரம், யாராவது வந்து பேசும் நேரம் எல்லாம் கழிந்து மோட்டார் உண்மையில் எத்தனை நிமிடம் சுழன்றது என்று குறிக்கவேண்டும். ஐந்து மணி நேரம் ராட்டையின் முன் உட்கார்ந்தால் மோட்டார் சுழல்வது நான்கு மணி நேரமாக இருக்கலாம். சராசரி 3.5 ஆம்பியர் என்று வைத்தால் ஒருநாள் வேலைக்கு 14 ஆம்பியர் மணி. வாட்டில் சொன்னால் 42 வாட், நான்கு மணி நேரத்துக்கு 168 வாட் மணி. தகடு சொன்ன 400க்கு இது பாதிகூட இல்லை.

14 ஆம்பியர் மணி தேவை என்பதால் 14 ஏஎச் பேட்டரி வாங்கிவிடக்கூடாது. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண் ஒரு நிபந்தனையோடு வருகிறது. ஈயப் பேட்டரியில் பக்கத்திலேயே சி20 என்றோ சி10 என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். அந்த அளவை 20 மணி நேரத்தில், அல்லது 10 மணி நேரத்தில், நிதானமாக எடுத்தால்தான் முழுதும் கிடைக்கும் என்பது அதன் பொருள். அவசரப்பட்டு எடுத்தால் குறையும். எவ்வளவு குறையும் என்பதை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் 1897இல் ஒரு சூத்திரமாக எழுதிவைத்தார். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஏஎச் பேட்டரியை எடுத்துக்கொண்டால், 0.35 ஆம்பியராக எடுக்கும்போது 20 மணி நேரம் ஓடும். நம் ராட்டை கேட்பது 3.5, பத்து மடங்கு. பத்தில் ஒரு பங்காக இரண்டு மணி நேரம் ஓடுமென்று தோன்றும். பாய்க்கெர்ட்டின் கணக்கில், அடுக்கை 1.2 என்று வைத்தால், ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதுவும் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால். தினமும் அப்படி உறிஞ்சப்படும் பேட்டரி சில மாதங்களில் படுத்துவிடும். “யுபிஎஸ் பேட்டரி போட்டுப் பார்த்தேன், சரிப்பட்டு வரல” என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கும் வாசகத்தின் உள்விவரம் இதுதான்.

ஆகவே ஈயப் பேட்டரிக்கு 14ஐ இரட்டித்து 28 ஆக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் பாதி மிச்சமிருந்தால் பேட்டரி வருடக் கணக்கில் நிற்கும். அதன் மேல் நான்கில் ஒரு பங்கு சேர்த்து 35. இந்தக் கூடுதல் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, எந்தப் பேட்டரியும் வாங்கிய நாளின் கொள்ளளவோடு கடைசிவரை இருப்பதில்லை. இரண்டு, நம் ஊர்ச் சூடு. பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் 25 டிகிரியை வைத்துச் சொல்லப்படுவது, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஓட்டுக் கூரையின் கீழே, மேற்கு வெயில் விழும் திண்ணையில் வைத்தால் அந்தக் கணக்கு சீக்கிரமே வேலைசெய்யும். உள்ளறையின் சிமெண்டுத் தரையில் வையுங்கள். தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்வது மர உறையும் ரப்பர் உறையும் இருந்த காலத்துப் பேச்சு, இன்றைய பிளாஸ்டிக் உறைக்கு அது பொருந்தாது.

லித்தியத்தில் கணக்கு வேறு. இங்கே லித்தியம் என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. விஞ்ஞானி குட்இனஃப்பின் ஆய்வகத்தில் அக்ஷய பாடி, நஞ்சுண்டசுவாமி என்ற இரு இந்தியர்களின் பெயரோடு 1997இல் வெளியான ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. பாய்க்கெர்ட்டின் தண்டம் இதற்கு மிகக் குறைவு, ஐந்தில் நான்கு பங்கை எடுத்தாலும் தாங்கும். 168 வாட் மணியை 0.8ஆல் வகுத்தால் 210, அதை 12.8 வோல்ட்டால் வகுத்தால் 16.4 ஏஎச். 20 ஏஎச் எடுத்தால் ஏற்றபடி இருக்கும். ஆனால் இதற்குள் பிஎம்எஸ் என்ற காவல் பலகை இருக்கிறது. வரம்புக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அது கதவை அடைத்துவிடும். சிறிய பேட்டரிகளில் அந்த வரம்பு 20 ஆம்பியராகக்கூட இருக்கலாம். நம் ராட்டை நூல் அறுந்து மறுபடி கிளம்பும்போது 24 கேட்கிறது. சுவிட்சைத் தட்டினால் ‘டக்’ என்று நின்றுவிடும், காரணம் புரியாமல் மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள். ஆகவே லித்தியத்துக்கு இரண்டு அளவு வேண்டும்: நாள் முழுதும் எடுப்பது ஒன்று, ஒரு கணம் கேட்பது இன்னொன்று. பிஎம்எஸ்ஸின் கண நேர வரம்பு 30 ஆம்பியருக்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும்.

பெரிய பேட்டரி மோட்டாரை எரித்துவிடும் என்ற ஒரு பயமும் இங்கே உண்டு. அதற்கு நெசவாளரிடமே விடை இருக்கிறது. வோல்ட் என்பது நூலின் கனம், ஆம்பியர் மணி என்பது பாவின் நீளம். பாவை நீளமாக ஓட்டினால் துணி கனக்காது, அறுத்து எடுக்க நாள் கூடும், அவ்வளவுதான். 12 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் எத்தனை பெரிய பேட்டரி வைத்தாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. 24 வோல்ட் வைத்தால் கெடும். கடைக்காரர் சொன்ன 100 ஏஎச் பேட்டரியின் குற்றம் பணமும் பாரமும். ராட்டை ஓரிடத்தில் இருப்பது, பாரம் அதற்குப் பொருட்டல்ல. 35 போதுமான இடத்தில் 100 வாங்கினால் போவது பணம். முதுகுத் தெளிப்பானுக்கு அப்படியில்லை. அங்கே கிராம் கிராமாக எண்ணவேண்டும். மருந்துத் தண்ணீரோடு சேர்த்து வாழைத் தோப்பில் தூக்கி நடப்பவரின் தோள்பட்டையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது.

பாரம் முழு ஆட்சி செய்யும் இடம் ஆட்டோ. இப்போது ஆறாலும்மூட்டின் மூன்று அறிவிப்புகளுக்கு வருவோம். ஆளோடு சேர்த்துச் சுமார் 700 கிலோ எடை. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போக, டயர் உருளும் தடைக்கு ஏறத்தாழ 103 நியூட்டன், காற்றுக்கு 29, ஆக 132 நியூட்டன். ஒரு கிலோமீட்டருக்கு அது சக்கரத்தில் 37 வாட் மணி. மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் கியரிலும் ஐந்தில் ஒன்று போனால் பேட்டரியிலிருந்து 46. நூறு கிலோமீட்டருக்கு 4.6 கிலோவாட் மணி. அதை 3 மணி 55 நிமிடத்தில் நிரப்பச் சராசரி 1.17 கிலோவாட் வேண்டும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியரை ஒட்டி வருகிறது. சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். வீட்டு மூன்றுமுனைப் பிளக் அதைத் தரும். தூரம், நேரம், பிளக் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஓர் அறிவிப்பைச் சோதிக்க அதன் பக்கத்து அறிவிப்பே அளவுகோலாகும் என்பதற்கு இது அழகான சான்று. இந்த வகைக் கருதலை நான் மதிக்கிறேன்.

ஆனால் இது சமதரைக் கணக்கு. நெடுஞ்சாலையை விட்டு வெள்ளறடைப் பக்கம் திரும்பும் சாலைகள் சமதரையில் இல்லை. பத்தடிக்கு ஓரடி உயரும் ஒரு மேட்டை எடுத்துக்கொள்வோம். அதே 700 கிலோவை 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற, ஈர்ப்புக்கு மட்டும் 686 நியூட்டன், மொத்தம் 790 நியூட்டனை ஒட்டி. பேட்டரியிலிருந்து 4.1 கிலோவாட். பேட்டரி 48 வோல்ட் என்றால் 86 ஆம்பியர். சமதரையில் 24தான். மேடு அரைக் கிலோமீட்டர் நீளம் என்றால் ஏற இரண்டு நிமிடம், தின்பது 137 வாட் மணி. சமதரையில் மூன்று கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். இறங்கும்போது பிரேக்கில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதும் கிடைக்காது. ஆகவே பாறசாலைச் சந்திப்பில் நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு முடியாது. எத்தனை மேடு, எந்த மேட்டில் எத்தனை பேரோடு என்றும் கேட்கவேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர்களுக்கு அது மனப்பாடம். பேட்டரி வடிவமைக்கும் இடத்தில்தான் அந்த அறிவு சேரவேண்டும்.

அந்த 4.6ஐ ஈயத்தில் வைத்தால் என்ன ஆகும்? பாதி மிச்சம் விடவேண்டும், ஆகவே 9.2 கிலோவாட் மணி. கிலோவுக்கு 35 வாட் மணி என்றால் 260 கிலோவுக்கு மேல். நாலு பேர் கூடுதலாக ஏறி, இறங்காமலே உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அந்தப் பாரத்தை இழுக்கக் கூடுதல் மின்சாரம், அந்த மின்சாரத்துக்குக் கூடுதல் பேட்டரி. லித்தியத்தில் 5.75 கிலோவாட் மணி போதும், கிலோவுக்கு 110 வைத்தாலும் 52 கிலோவில் முடிகிறது. விலை கூடினாலும் ஆட்டோவுக்கு லித்தியம்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். திண்ணையில் அசையாமல் இருக்கும் ராட்டைக்கு ஈயத்தைச் சொல்லவும் தயங்கமாட்டேன். எது உயர்ந்த பேட்டரி என்று பொதுவில் கேட்டால் விடை கிடையாது. மோட்டார் நகர்கிறதா, நிற்கிறதா என்று முதலில் சொல்லவேண்டும்.

அளவு சரியாக இருந்தும் வேலை கெடுவது கம்பியால். பேட்டரியை உள்ளறையில் வையுங்கள் என்று சொன்னேன், அதைக் கேட்டு வாசல்வரை மெல்லிய கம்பியை இழுத்துவிடக்கூடாது. 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் வந்தால் தடை 0.11 ஓம். ஓடும்போது 0.4 வோல்ட் போகும், பரவாயில்லை. கிளம்பும்போது இரண்டு வோல்ட்டுக்கு மேல் போகும். மோட்டார் முனகும், பேட்டரி சரியில்லை என்று பழி வரும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த நட்டம் நான்கில் ஒன்றாகும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 15 ஆம்பியர் வாகன ஃபியூஸ் ஒன்றும் வேண்டும். ஒரு கணத் துள்ளலுக்கு அது எரியாது. கம்பிகள் ஒட்டிக்கொண்டால் எரியும், வீடு தப்பும். குழந்தைகள் நடமாடும் திண்ணையில் ஃபியூஸ் இல்லாத பேட்டரியைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே மனம் பதறுகிறது.

தண்ணீரையும் சொல்லவேண்டும். மூடி திறக்கும் ஈயப் பேட்டரியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது இந்தப் பகுதியில் செய்யவே கூடாத காரியம். செம்பாறை நிலத்துக் கிணறுகளில் இரும்பு கரைந்திருக்கும். இரும்பு உள்ளே போனால் பேட்டரி சும்மா இருக்கும்போதே தானாக இறங்கும். அளந்து வாங்கிய 35, மாதங்கள் செல்லச் செல்ல 20 ஏஎச்சைப் போல நடந்துகொள்ளும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றவேண்டும்.

இனிக் கடைக்குப் போகலாம். கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும். அதில் இவ்வளவு போதும்: மோட்டார் 12 வோல்ட் டிசி. ஓடும்போது 3.5 ஆம்பியர். கிளம்பும்போது 24. ஒருநாள் ஓட்டம் நான்கு மணி நேரம், ராத்திரி சார்ஜ். வைக்கும் இடம் உள்ளறை, இடம்விட்டு நகராது. ஈயம் என்றால் சி20இல் 35 ஏஎச், டீப் டிஸ்சார்ஜ் தாங்கும் வகை, கார் ஸ்டார்ட் செய்யும் வகை வேண்டாம். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரச் செய்தவை, தினமும் பாதிவரை இறக்கி ஏற்றினால் அவை உதிர்ந்துவிடும். இரவல் பேட்டரியில் அளந்து பார்க்கலாம், அதையே வாங்கிவைக்கக்கூடாது. லித்தியம் என்றால் 12.8 வோல்ட், 20 ஏஎச், பிஎம்எஸ் கண நேரத்துக்கு 30 ஆம்பியருக்கு மேல், சார்ஜரும் லித்தியத்துக்கு உரியது. இந்தச் சீட்டை நீட்டினால் சேட்டன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உள்ளே போய்ச் சரியான பேட்டரியை எடுத்து வருவார். வாங்கும்போது உறையில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் சார்ஜ் ஏறாமல் இருந்த ஈயப் பேட்டரி வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழுதாக சார்ஜ் போட்டு, மோட்டாரில் பூட்டி, முதல்நாள் எத்தனை மணி நேரம் ஓடியபின் மின்னழுத்தம் எத்தனைக்கு இறங்கியது என்பதை அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே ஓட்டத்தை ஓட்டி மறுபடி அளந்து, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவதை எழுதலாம்.